நான் உடைத்தது ஐந்து துண்டுதான்

வியாழக்கிழமை காலை என் நாத்தனார் போன் செய்தார். நலம் விசாரிக்கவில்லை, மழை வந்ததா என்று கேட்கவில்லை. நேராக விஷயத்துக்கு வந்துவிட்டார்.

"ஏம்மா, ஞாயித்துக்கிழமை வர்றேன். அம்மாவோட ஜாடிய எடுத்துட்டுப் போகணும். தூசியோட அப்படியே குடு. கழுவுறேன் தொடைக்கிறேன்னு கை வச்சிடாத, என்ன?"

"சரிக்கா" என்றேன். போனை வைத்தேன். பக்கத்தில் நாற்காலி இருந்தது நல்லதாகப் போயிற்று.

நாத்தனார் என்றால் என் வீட்டுக்காரரின் அக்கா. எழுபத்திரண்டு வயது. பெரிய ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். வேலையில் இருந்தவரை ஆஸ்பத்திரி குவார்ட்டர்ஸ், அதற்குப் பிறகு வாடகை அறைகள் என்றே காலத்தை ஓட்டியவர், இப்போதுதான் மூன்றாவது மாடியில் இரண்டே அறையோடு சொந்தமாக ஒரு வீடு வாங்கியிருந்தார். அம்மா வீட்டிலிருந்து அண்டா கேட்கவில்லை, கட்டில் கேட்கவில்லை. கேட்டது இந்த ஜாடி ஒன்றுதான்.

ஜாடி என் மாமியாரின் அம்மா காலத்தது. இடுப்பு உயரம், குண்டு வயிறு, ஒடுங்கின கழுத்து. உள்ளே செம்மண், வெளியே பால் வெள்ளை மெருகு, அதில் நீலத்தில் ஒரு பறவை. மாமியார் கடைசி நாட்களில் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "எங்கம்மா கையிலேர்ந்து ஒரு கீறல் இல்லாம வந்துச்சு. பெரியவ தனக்குன்னு ஒரு வீடு வாங்குற அன்னிக்கு இப்படியே முழுசா அவ கையில குடுத்துடு." நானும் தலையை ஆட்டினேன். ஆட்டாமல் என்ன செய்வது? அப்போது அந்த ஜாடி, என் கணக்குப்படி, ஐந்து துண்டு.

முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னால் நடந்தது. ஒட்டடைக் கொம்பைத் திருப்பும்போது அதன் அடிக்கட்டை ஜாடியின் வயிற்றில் இடித்தது. டம்மென்றுகூடக் கேட்கவில்லை, "அடடா" என்று யாரோ சொன்ன மாதிரி ஒரு சத்தம். வாய்ப்பக்கம் ஒன்று, அடிப்பக்கம் ஒன்று, நடு வயிறு மூன்று. மாமியார் பேங்குக்குப் போயிருந்தார். திரும்பி வர இரண்டு மணி நேரம் ஆகும்.

நான் அப்போது பல்செட் செய்யும் கூடத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். டாக்டர்கள் அச்சு எடுத்து அனுப்புவார்கள், நாங்கள் பல் கட்டி அனுப்புவோம். உடைந்த பல்செட்டை ஒட்டும் பொடியும் திரவமும் எப்போதும் என் பையில் கிடக்கும். கையில் இருந்ததை வைத்துத்தானே காரியம் ஆகும்? குழைத்தேன், ஒட்டினேன், இறுகிவிட்டது. ஆனால் அந்தப் பொடி ஈறு நிறம். நல்ல ரோஸ். வெள்ளை ஜாடி வயிறு முழுக்க ஈறு தெரியச் சிரித்துக்கொண்டு நின்றது. மேலே எனாமல் பெயிண்டைப் பூசி மூடினேன். பயத்தில் இருக்கிறவளுக்குத் தன் தப்பைத் தவிர வேறெதுவும் கண்ணில் படாது. உள்ளே எட்டிப் பார்க்கக்கூட இல்லை.

மாமியார் வந்தார். செருப்பைக் கழற்றினார். ஜாடியை ஒரு நிமிஷம் பார்த்தார்.

"இந்தப் பக்கம் வெயில் படுது. கொஞ்சம் சுவர்ப்பக்கமா திருப்பி வை" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

தப்பித்தோம் என்று அன்றைக்கு நினைத்தேன்.

நாத்தனாரிடம் மட்டும் ஏன் இத்தனை பயம் என்று கேட்பீர்கள். வீட்டில் அவருக்குப் பட்டப்பெயரே பூதக்கண்ணாடி. வாசலில் நிற்கிறவன் முகத்தைப் பார்த்தே காய்ச்சல் எத்தனை டிகிரி என்று சொல்லிவிடுவார். என் கல்யாணப் போட்டோவில் மாப்பிள்ளைச் சட்டையில் நாலாவது பொத்தான் வேறு மாதிரி என்று கண்டுபிடித்தது அவர்தான். மாப்பிள்ளை தையல்காரர், சட்டையைத் தைத்ததும் அவரே. மானம் போயிற்று.

ஆனால் பயம் கண்ணுக்காக இல்லை. நான் கல்யாணமாகி வந்த புதிதில், மருமகள் வேலைக்குப் போகக் கூடாதென்று மாமியார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டபோது, "அவ பல்லு செய்யட்டும்மா, நாளைக்கு நீதான் அதுல கடிக்கப் போற" என்று சொல்லி எனக்காக நின்றவர் நாத்தனார். ஊரெல்லாம் சொல்லுவார்: "என் தம்பி பொண்டாட்டிக்குப் பொய்யே வராது." ஒவ்வொரு தடவையும் எனக்குத் தொண்டையில் முள் சிக்கின மாதிரி இருக்கும். அந்த ஒரு பேச்சு கெட்டுவிடக் கூடாது. ஜாடி போனால் போகட்டும், அந்தப் பேச்சு போகக் கூடாது.

இப்போது நான் அந்தப் பழைய அரைகுறை இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஓய்வு பெற்று ஆறு வருஷமாகச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து பழைய பானை, ஜாடி, தட்டு எல்லாம் சுத்தம் செய்து ஒட்டுகிறேன். ஈறு சுரண்டும் கருவிகளும் மெல்லிய அரங்களும் என்னோடு சேர்ந்து ஓய்வு பெற்று வந்தவைதானே, சும்மா கிடப்பானேன். பல்லின் வெள்ளையில் பதினாறு வெள்ளை பிரித்துப் பார்த்த கண்ணுக்கு மெருகின் வெள்ளை ஒரு பெரிய விஷயமா? இந்த வேலையில் முதல் பாடம் ஒன்று உண்டு. ஒட்டுகிற ஒட்டு, வேண்டும்போது பிரிகிற ஒட்டாக இருக்க வேண்டும். நமக்குப் பிறகு வருகிறவன் நம்மைவிடக் கெட்டிக்காரனாக இருப்பான். என் முதல் ஜாடியிலேயே நான் மீறினது அந்தப் பாடத்தைத்தான்.

மூன்று நாள் இருக்கிறது. பிரித்து, சுத்தம் செய்து, முறையாக ஒட்டிவிடலாம் என்று முடிவு கட்டினேன்.

வீட்டுக்காரர் முன்னறையில் தைத்துக்கொண்டிருந்தார். சொன்னதும் மிஷினை நிறுத்திவிட்டார்.

"அக்காதான் கழுவாதங்குறாளே. விட்டுடேன்."

"நீங்க உங்க வேலையப் பாருங்க. உள்ள ஈறு தெரியுது, அவங்க கண்ணுக்குத் தப்புமா?"

"இல்ல, பழைய சாமான்... கிளறினா என்னென்னமோ வரும்" என்றார். ஏதோ தத்துவம் பேசுகிறார் என்று விட்டுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை பழைய பெயிண்டைச் சுரண்டி எடுத்து, என் ஒட்டுகளின் மேல் அசிட்டோனில் நனைத்த பஞ்சை வரிசையாக வைத்து, பாலிதீன் சுற்றிக் கட்டினேன். ஜன்னல்களைத் திறந்து வைத்தும் வீடே நகச்சாயம் அழித்த மாதிரி மணத்தது. சனிக்கிழமை காலை பார்த்தால் ரோஸ் ஈறெல்லாம் பழைய சூயிங்கம் மாதிரி இளகியிருந்தது. உரித்து எடுத்தேன். துண்டுகளின் உள்ளும் புறமும் பழைய அழுக்கு அப்பியிருந்தது, கழுவினால் போகும் என்று விட்டேன். மெருகு உதிர்கிறதா என்று ஓரத்தில் ஈரப் பஞ்சை வைத்துப் பார்த்தேன். உதிரவில்லை. அடியில் டவலை விரித்த பிளாஸ்டிக் தொட்டியில் வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்து துண்டுகளையும் இறக்கிவிட்டு டீ போடப் போனேன்.

திரும்பி வந்து தொட்டிக்குள் கையை விட்டேன். ஒன்று, இரண்டு, மூன்று... ஏழு, எட்டு. கை நின்றுவிட்டது. எல்லாவற்றையும் எடுத்து மேஜையில் பரப்பி மறுபடி எண்ணினேன்.

பதினான்கு.

"என்னங்க!"

வீட்டுக்காரர் ஓடி வந்தார், வாயில் குண்டூசியோடு.

"தொட்டிய இடிச்சீங்களா?"

"நான் இந்தப் பக்கமே வரல."

"அஞ்சு போட்டேங்க. பதினாலு வந்திருக்கு. ஜாடி குட்டியா போடும்?"

அவர் குண்டூசியை எடுத்துக் காலரில் குத்திக்கொண்டு மேஜையைப் பார்த்தார். ஏனோ வியர்த்தது அவருக்கு. "எனக்கு ஒரு சட்டை முடிக்கணும்" என்று போய்விட்டார்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். புதிதாக உடைந்தால் விளிம்பு பளிச்சென்று செக்கச்செவேலென்று இருக்கும். இவை அப்படி இல்லை. நடு வயிற்றுத் துண்டு மூன்றும் நான் உடைத்த மாதிரியே இருந்தன. அடிப்பக்கம் ஏழாகப் பிரிந்திருந்தது. அந்த விளிம்புகளில் பழுப்பாக ஏதோ கொழகொழவென்று, நனைந்த தோல் செருப்பு வாடை. அடியில் காசளவுக்கு ஒரு ஓட்டை வேறு. அங்கே அடைத்திருந்த மரத்தூள் கரைந்து தொட்டியில் மிதந்தது. கழுத்துப் பக்கம் நாலு துண்டு. ஆனால் நாலும் கொடியில் காயும் துணி மாதிரி ஒரு வலைத் துணியில் ஒட்டிக்கொண்டு தொங்கின. துணி மேலே வெள்ளையாக, கெட்டியாக மாவு.

அந்த மாவை எனக்குத் தெரியாதா? அதில்தானே வாழ்நாள் முழுக்க அச்சு எடுத்தேன். ஆனால் நான் துணி வைத்ததே இல்லை. மாவில் துணி வைத்துக் கட்டுகிறவர்கள் வேறு ஆட்கள்.

யோசித்துக்கொண்டே இருக்கிறேன், வாசல் மணி அடித்தது.

"டேய் தம்பி, கதவத் தொற! பொட்டி கனக்குது!"

பூதக்கண்ணாடி. ஒரு நாள் முன்னாலேயே.

கைக்குக் கிடைத்த டவலை மேஜை மேல் விரித்தேன். அட்டைப்பெட்டியும் பழைய போர்வையுமாக நாத்தனார் உள்ளே வந்தார். மூச்சு வாங்கியது. ஜாடி வழக்கமாக நிற்கும் மூலையைப் பார்த்தார். அங்கே தரையில் வட்டமாகத் தூசித் தடம்.

"ஜாடி எங்க?"

"வாங்கக்கா, உக்காருங்க. டீ இருக்கு, சூடா..."

"ஜாடி எங்கம்மா?"

மேஜையைப் பார்த்தார். டவல் மேடும் பள்ளமுமாகக் கிடந்தது. ஒரு ஓரமாகத் தூக்கினார். பிறகு முழுசாக எடுத்தார்.

முப்பத்தொரு வருஷ முள்ளைத் துப்ப வேறு நேரம் வராது என்று பட்டது.

"நான்தான்கா உடைச்சேன். இப்ப இல்ல, முப்பத்தொரு வருஷம் முன்னாடி. ஒட்டடைக் கொம்பு பட்டுடுச்சு. பல்செட் பொடியில ஒட்டி மறைச்சுட்டேன். அத்தைகிட்டயும் சொல்லல, உங்ககிட்டயும் சொல்லல. எனக்குப் பொய் வராதுன்னு நீங்க ஊரெல்லாம் சொன்னீங்க. வந்துச்சுக்கா. நல்லாவே வந்துச்சு."

அவர் என்னைப் பார்க்கவே இல்லை. கழுத்துத் துண்டைக் கையில் எடுத்து, அந்த வலைத் துணியை விரலால் தடவிக்கொண்டிருந்தார். முகம் வெளுத்துப் போயிருந்தது.

"இத... யார் யார் பாத்தீங்க?"

"நான் மட்டும்தான்."

"தம்பி?"

"அவர் சட்டை தைக்கிறார்."

நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"இதுக்குத்தான்டி கழுவாதன்னு சொன்னேன்! நீ என்னிக்குப் பானை ஒட்ட ஆரம்பிச்சியோ அன்னிலேர்ந்து எனக்குத் தூக்கம் இல்ல. எப்படா இதத் தூக்கித் தொட்டியில போடப் போறாளோன்னு ஆறு வருஷமா பயந்துக்கிட்டே இருக்கேன். அப்படியும் நேத்து ராத்திரி மனசு கேக்கல, அதான் ஓடி வந்தேன்."

"அக்கா, இந்த மாவுக்கட்டு..."

"நான்தான். இருபத்திநாலு வயசு. டூட்டி முடிச்சு அம்மாவப் பாக்கத் தூங்கி விழுந்துக்கிட்டே வந்தேன், கைப்பையோட வாரு ஜாடி கழுத்துல மாட்டி இழுத்துடுச்சு. ஆஸ்பத்திரியிலேர்ந்து ஒரு ரோல் கொண்டு வந்து உள்ள கைய விட்டுக் கட்டினேன். அப்ப கை உள்ள போகும், அவ்வளவு ஒல்லி."

நான் அந்தக் கட்டைப் பார்த்தேன், அவரைப் பார்த்தேன். கட்டு என்னமோ அழகான கட்டு. ஓரமெல்லாம் மடித்து, ஒரு சுருக்கம் இல்லாமல்.

"ஆறு வாரத்துல எலும்பு கூடிடும்னு நெனச்சீங்களாக்கா?"

ஒரு கணம் முறைத்தார். பிறகு உதடு துடித்தது. அவ்வளவுதான், இரண்டு பேரும் மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். கண்ணில் தண்ணீர் வர, மூச்சு முட்ட. "ஈறு வச்சு ஒட்டினவ என்னப் பேசுறா பாரு!" என்று என் தோளில் அடித்தார். எனக்கு வலித்தது, இன்னும் இரண்டு அடி அடித்தால் தேவலை போலவும் இருந்தது.

சிரித்து ஓய்ந்து கண்ணைத் துடைத்தபோதுதான் நாத்தனாருக்கு மூக்கு வேலை செய்தது.

"இது என்ன வாடை?" அடித்துண்டை எடுத்து முகர்ந்தார். "அப்பாவோட வஜ்ஜிரம்!"

மாமனார் தச்சர். பலகை ஒட்டத் தோலிலிருந்து காய்ச்சும் வஜ்ஜிரப் பசை அவர் பட்டறையில் எந்நேரமும் அடுப்பில் இருக்குமாம். மரத்தூளுக்கும் அங்கே பஞ்சமில்லை.

"அப்ப அடிப்பக்கம் நம்ம ரெண்டு பேர் கணக்கும் இல்ல" என்றேன்.

இருவரும் ஒரே நேரத்தில் முன்னறைப் பக்கம் திரும்பினோம். அங்கே அதுவரை ஒரு சத்தமும் இல்லை. நாங்கள் திரும்பியதும் தையல் மிஷின் தடதடவென்று ஓட ஆரம்பித்தது. நாத்தனார் எழுந்து போய் எட்டிப் பார்த்தார்.

"டேய். ஊசிக்கு அடியில துணியே இல்லடா."

மிஷின் நின்றது.

வீட்டுக்காரர் எழுந்தார். அலமாரி மேலிருந்த பொத்தான் டப்பாவை எடுத்து வந்து மேஜையில் கவிழ்த்தார். கல்யாணமான நாளிலிருந்து அந்த டப்பாவை நான் தொட்டால் அவருக்குக் கோபம் வரும். தொழில்காரர் பொருள் என்று நானும் தொட்டதில்லை. பொத்தான்களுக்கு நடுவில் காசளவுக்கு ஒரு வெள்ளைச் சில்லு, ஓரத்தில் நீலக் கோடு.

"ஏழு வயசு" என்றார். "படுக்க வச்சு வண்டி மாதிரி உருட்டினேன். படியில எறங்கிடுச்சு. அம்மா அப்பாவோட பசைய எடுத்து ஒட்டினா. 'அக்காகிட்ட மூச்சு விடாத, அவ பூதக்கண்ணாடி'ன்னா. இந்தத் துண்ட மட்டும் காணலன்னு சொல்லி நான் எடுத்து வச்சுக்கிட்டேன். படகு மாதிரி இருந்துச்சு."

"எனக்கு அந்தப் பேரு வச்சது அம்மாவா!" என்று நாத்தனார் கத்தினார். அவருக்கு ஜாடியெல்லாம் மறந்துபோயிற்று.

எனக்கோ வேறொன்று உறைத்தது. கீறல் இல்லாத ஜாடி, முழுசாகக் குடு என்று படுக்கையில் கிடந்து சொன்ன மாமியார், தன் கையால் ஏழு துண்டை ஒட்டினவர். அன்றைக்குப் பேங்கிலிருந்து வந்து, ஒரு நிமிஷம் பார்த்து, "வெயில் படுது, சுவர்ப்பக்கமா திருப்பி வை" என்றாரே, அங்கே வெயில் ஏது? காலையிலும் மாலையிலும் அந்த மூலைக்கு வெயில் வந்ததே இல்லை. என் ஈறு முழுவதும் சுவரைப் பார்த்து நிற்கும்படி அல்லவா திருப்பச் சொன்னார்!

இதைச் சொன்னதும் நாத்தனார் என் கையைப் பிடித்துக்கொண்டார். "எங்கிட்டயும் அப்படித்தான். 'கழுத்துல ஒரு துணியக் கட்டி வை, பாக்க அழகா இருக்கும்'னா. பைத்தியக்காரி மாதிரி ரிப்பன் வாங்கிக் கட்டினேன்."

ஞாயிற்றுக்கிழமை ஜாடி போகவில்லை. நாத்தனாரும் போகவில்லை. பத்து நாள் எங்கள் வீட்டிலேயே இருந்தார். பழைய வஜ்ஜிரத்தை வெந்நீர்ப் பஞ்சால் ஒற்றி எடுப்பது என் வேலை. மாவுக்கட்டைப் பிரிப்பது அவர் வேலை. கத்தரியை உள்ளே விட்டு ஒரு சில்லு பெயராமல் பிரித்தார், அதைப் பார்க்கவே ஆள் சேர்க்கலாம். பசை இல்லாமல் முதலில் டேப் போட்டுக் கூட்டிப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் பென்சிலால் எண் போட்டேன். அடியிலிருந்து மேலே வர வேண்டும் என்று சொன்னேன். கேட்டால்தானே? நான் கடைக்குப் போய்த் திரும்புவதற்குள் அக்காவும் தம்பியும் சேர்ந்து வயிற்றில் இரண்டு துண்டோடு கழுத்தையும் ஒட்டிவிட்டார்கள். மூன்றாவது வயிற்றுத் துண்டு எந்தப் பக்கம் திருப்பினாலும் உள்ளே போகவில்லை.

"இது வேற ஜாடியோட துண்டும்மா" என்றார் நாத்தனார், தலைமை நர்ஸ் குரலில்.

"முன்னாடி பல்லு முளைச்சப்புறம் பின்னாடி பல்ல வாசல் வழியா அனுப்புவீங்களா? பிரிங்க."

"பிரியுமா?"

"பிரியுற ஒட்டுலதான் ஒட்டச் சொல்லிக் குடுத்திருக்கேன். அசிட்டோன எடுங்க."

பிரிந்தது. மறுபடி ஒட்டினோம். மணல் தட்டில் சாய்த்து வைத்து, ஒன்று இறுகியபின் அடுத்தது. கடைசியாகப் பொத்தான் டப்பாத் துண்டு. அத்தனை வருஷம் பொத்தான்களோடு உரசி அதன் ஓரம் மழுங்கிப் போயிருந்தது, சரியாகப் பொருந்தவில்லை, சுற்றிலும் ஒரு மயிரிழை இடைவெளி. மாவு வைத்து நிரப்பி வெள்ளை தீட்டட்டுமா என்று கேட்டேன். "வேணாம், இருக்கட்டும்" என்றார் வீட்டுக்காரர். விட்டுவிட்டேன்.

முழு ஜாடி மேஜையில் நின்றது. மூன்று பேரும் தள்ளி நின்று பார்த்தோம்.

"ஒரு உண்மை சொல்லட்டுமா?" என்றார் நாத்தனார். "இந்தப் பறவைய எனக்குச் சின்ன வயசுலேர்ந்தே பிடிக்காது. பல்வலி வந்த வாத்து மாதிரி இருக்கு."

"எனக்கும்தான்கா."

"அப்ப நீயே வச்சுக்கோயேன்."

"ஐயோ, ஆள விடுங்க! அத்தை உங்களுக்குத்தான் குடுக்கச் சொன்னாங்க. முழுசா."

ஒட்டு வேலை செய்கிறவர்கள் எதை எதால் ஒட்டினோம் என்று எழுதி வைப்பது வழக்கம். ஜாடியைப் படுக்க வைத்து, அடியில் மெருகு இல்லாத வட்டத்தில் பென்சிலால் எழுதினேன். தம்பி, ஏழு வயது, படி. ஒட்டியது அம்மா, வஜ்ஜிரம். அக்கா, இருபத்துநாலு, பை வார், மாவுக்கட்டு. நான், ஒட்டடைக் கொம்பு, பல்செட் பொடி. கடைசியாக நாங்கள் மூவரும், அசிட்டோனில் பிரியும் பசை.

நாத்தனார் கண்ணாடியைத் தூக்கிப் பிடித்து ஒரு எழுத்து விடாமல் படித்தார்.

"எழுத்த ஏன் இவ்வளவு பெருசா எழுதின? அடுத்து ஒடைக்கிறவங்களுக்கு எடமே இல்ல" என்றார்.

அழித்துவிட்டுச் சின்னதாக எழுதினேன். இப்போது அது மூன்றாவது மாடியில், வாசலைத் திறந்ததும் தெரிகிற இடத்தில், ஈறு இருந்த பக்கம் முன்னால் தெரிய நிற்கிறது. வருகிறவர்களிடமெல்லாம் நாத்தனார் அதைக் காட்டுவாராம். "என் தம்பி பொண்டாட்டி ஒட்டினது. முப்பத்தொரு வருஷம் வாயத் தொறக்கல, என்னா அழுத்தம்!" என்பாராம்.